பழைய பிக்கப்பை நீங்களே பழுதுபார்க்க: எதை முதலில் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது

பதினைந்து இருபது வயதான ஒரு பிக்கப் கைக்கு வந்ததும், கண்ணில் படும் குறையில்தான் பலரும் முதலில் கை வைக்கிறார்கள். கீறல் விழுந்த பெயின்ட், ஆடும் இருக்கை, கரகரக்கும் ஸ்பீக்கர் என்று கையில் இருந்த காசு கரைந்துவிடும். பின்சக்கரப் பிரேக் டிரம்முக்குள், பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, உராயும் லைனிங் நனைந்திருப்பதை அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சர்வீஸ் பதிவு எதுவுமே இல்லாத வண்டியோடு நான் தொடங்கியபோது, எது முதலில் எது பிறகு என்று வரிசையாகச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு விஷயமும் ஒவ்வோர் இடத்தில் அரைகுறையாகக் கிடைத்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய பிக்கப் வீட்டில் வைத்து வேலை பார்க்கத் தோதான வண்டி. சேஸி மேல் கேபின் தனியாகவும் லோடு பாடி தனியாகவும் உட்கார்ந்திருக்கும். அடியில் கை நுழைய இடம் உண்டு. பின்பக்கம் பெரும்பாலும் ஸ்பிரிங் பட்டையும் ஒரே துண்டான ஆக்சிலும்தான். ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள்: வண்டி நிற்பதும் திரும்புவதும் முதலில், நடுவழியில் படுத்துவிடாமல் இருப்பது அடுத்தது, அழகும் சொகுசும் கடைசி. கீழே உள்ள படிகள் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகின்றன.

1. காகிதங்களைச் சேர்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்

முதல் செலவு புத்தகத்துக்கு. வண்டியோடு வரும் கையேடு போதாது. உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் உரிய ஒர்க்‌ஷாப் மேனுவல் வேண்டும். எந்த போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டருக்கு முடுக்குவது, டிஃபரன்ஷியலுக்கு (ஆக்சிலின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) எத்தனை லிட்டர் ஆயில், பிரேக் டிரம் எவ்வளவு வரை தேயலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வயரிங் படம் அதில் இல்லாவிட்டால் தனியாகத் தேடி வாங்குங்கள். படம் இல்லாமல் பழைய வண்டியின் வயரைத் தொடாதீர்கள். முந்தைய உரிமையாளர்கள் ஆளுக்கொரு கலர் வயரை ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

அடுத்தது சேஸி எண். 1980-களுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டதாக இருக்கும். அதில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்று அவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஓ மாதிரித் தெரிந்தால் அது சுழியம்தான். முன்கண்ணாடியருகில் உள்ள எண், சேஸியில் அடித்திருக்கும் எண், பதிவுச் சான்றிதழில் உள்ள எண் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் எண்ணையும் விடாதீர்கள். பழைய பிக்கப்புகளில் எஞ்சினை மாற்றியிருப்பது சாதாரணம். அது தெரியாமல் வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி கேஸ்கெட் வாங்கினால் பொருந்தாது.

அதே சேஸி எண்ணை வைத்து, நிறுவனம் பாதுகாப்புக் குறைக்காகத் திரும்ப அழைத்த பட்டியலில் உங்கள் வண்டி இருக்கிறதா என்று தேடுங்கள். வண்டி பழையது, இனி யார் செய்து தருவார்கள் என்று விட்டுவிட வேண்டாம். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் பிரச்சினை இதற்கு நல்ல உதாரணம். வெப்பமும் ஈரமும் பட்டு நாளடைவில் கெட்டுப்போகும் அம்மோனியம் நைட்ரேட் அதில் இருந்ததால், வண்டி எவ்வளவு பழையதோ ஆபத்தும் அவ்வளவு அதிகம். அந்தப் பட்டியலில் பல பிக்கப்புகளும் இருந்தன. இத்தகைய வேலைக்குப் பெரும்பாலும் உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட பாகத்தின் எண், ஊற்றிய ஆயிலின் வகை. வண்டியை விற்கும்போதும் இந்த நோட்டு விலை பெற்றுத் தரும். உயரத்தைக் கூட்டுவது, எஞ்சினை மாற்றுவது போன்ற மாற்றங்களை யோசித்தால், உங்கள் ஊர்ப் பதிவு விதியும் காப்பீட்டுப் பத்திரமும் அதற்கு இடம் தருகின்றனவா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பொருத்திய பிறகு கேட்டால் கழற்றவேண்டி வரலாம்.

2. கருவி வாங்குவதில் எங்கே செலவழிப்பது

தூக்கிய வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டு, போல்ட்டைக் குறித்த அளவுக்கு முடுக்கும் டார்க் ரென்ச், கண்ணைக் காக்கும் கண்ணாடி. இந்த மூன்றிலும் மலிவானதைத் தேடாதீர்கள். மற்றவற்றைச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். சாக்கெட் வாங்கும்போது உள்ளே 12 முனை உள்ளதை விட்டு 6 முனை உள்ளதை எடுங்கள். துருப்பிடித்த போல்ட்டின் தலையை அது முழுப்பக்கமாகப் பிடிக்கும், மூலையை வழிக்காது. மல்டிமீட்டர், கிரீஸ் கன், கம்பி பிரஷ், நல்ல தலைவிளக்கு ஆகியவை அடுத்த சுற்றில். பால் ஜாயின்ட் பிரஸ், கம்ப்ரஷன் கேஜ் போன்று எப்போதாவது தேவைப்படும் கருவிகளை இரவல் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள்.

பழைய அமெரிக்கப் பிக்கப்பாக இருந்தால் ஒரே வண்டியில் மில்லிமீட்டர் போல்ட்டும் அங்குல போல்ட்டும் கலந்திருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. 13 சாக்கெட் அதில் உட்கார்ந்துவிடும், சற்று ஆடும், இறுகிய போல்ட்டில் தலையை உருட்டிவிடும். ஆடுகிறது என்று கை உணர்ந்த உடனே நிறுத்தி மற்ற அளவைப் போட்டுப் பாருங்கள்.

3. வண்டிக்கு அடியில் போவதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். மற்ற எந்தத் தவறையும் காசு கொடுத்துச் சரிசெய்யலாம்.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மண் தரையும் வெயிலில் இளகும் தாரும் ஆகாது. தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். கைபிரேக் இருக்கிறதே என்று நம்பவேண்டாம். பெரும்பாலான பிக்கப்புகளில் கைபிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும்; பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது எதையும் பிடித்து நிறுத்தாது. கியரில் போட்டு வைத்திருக்கிறேன் என்பதும் போதாது. பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் காற்றில் இருந்தால், டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுழலவிட்டு வண்டியை உருளவைத்துவிடும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டைச் சேஸியின் தட்டையான, துருப்பிடிக்காத இடத்திலோ ஆக்சில் ஹவுசிங்கிலோ மேனுவல் காட்டும் இடத்தில் வையுங்கள். செங்கல்லும் சிமென்ட் கல்லும் வைக்கவே கூடாது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இறக்கிய பிறகு வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்து நன்றாக உலுக்குங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போது விழட்டும். கழற்றிய சக்கரத்தைச் சேஸிக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பது கூடுதல் காவல். நீங்கள் அடியில் இருப்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

4. காசு செலவழிக்கும் முன் சேஸியைத் தட்டிப் பாருங்கள்

பிக்கப்பின் ஆயுள் எஞ்சினை விடச் சேஸியில்தான் இருக்கிறது. எஞ்சினை மாற்றிவிடலாம், உளுத்துப்போன சேஸியோடு மல்லுக்கட்ட முடியாது. டொயோட்டா டகோமாவின் சில ஆண்டு மாடல்களில் சேஸி துருப்பிடித்தே ஓட்டை விழுந்து, அமெரிக்காவில் அந்த நிறுவனம் பல வண்டிகளுக்குச் சேஸியையே மாற்றித் தரவும் பல வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வேண்டி வந்தது.

சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போய், இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று ஒலிக்கும், சுத்தியல் துள்ளும். உளுத்த இடத்தில் சத்தம் அமுங்கும், செதில் உதிரும். பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங் பட்டை சேஸியோடு சேரும் கண்ணிகள், லோடு பாடி போல்ட்டுகள் இறங்கும் இடம் ஆகிய மூன்றையும் இரண்டு முறை பாருங்கள். பெட்டி போல மூடிய சட்டம் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் புதிதாகத் தடிமனாகக் கறுப்பு ரப்பர் பூச்சு அடித்த வண்டியைச் சந்தேகியுங்கள். அந்தப் பூச்சு துருவை நிறுத்தாது. விரிசல் வழியே புகுந்த ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

மேலோட்டமான துரு என்றால் கம்பி பிரஷால் தேய்த்து, துரு மாற்றும் திரவம் பூசி, பெயின்ட் அடித்து, சட்டத்துக்குள் மெழுகு அல்லது லனோலின் வகை எண்ணெயைப் பீய்ச்சுங்கள். அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளில் சேறு அடைத்திருந்தால் குத்தி எடுங்கள். லோடு பாடிக்குள் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் அதையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். அதற்கும் தகட்டுக்கும் இடையில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்கும். ஓட்டை விழுந்த சேஸிக்கு வெல்டிங் வைப்பது வீட்டு வேலை அல்ல. அதற்கான விலையைக் கேட்டறிந்த பிறகு, வண்டியில் மேற்கொண்டு காசு போடலாமா என்று முடிவெடுங்கள்.

5. எல்லா ஆயிலையும் ஒரு முறை மாற்றிக் கணக்கைத் தொடங்குங்கள்

பதிவு இல்லாத வண்டியில் எதுவும் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஃபுளூயிட், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், நான்கு சக்கர இயக்கம் இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு நோட்டில் குறித்தால், அன்றிலிருந்து வண்டியின் வரலாறு உங்களுக்குத் தெரியும். பெரிய செலவும் அல்ல. கழிவு ஆயிலில் கிடைக்கும் தகவலுக்காகவே இதைச் செய்யலாம்.

கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் ஒரே ஒரு விதி: ஊற்றும் வாயின் திருகைக் கழற்றிய பிறகே வடிக்கும் திருகில் கை வையுங்கள். ஆயிலை வடித்துவிட்டு, மேலே உள்ள திருகு இறுகிக்கொண்டு வர மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வடிக்கும் திருகின் காந்தத்தில் மை போன்ற நுண்துகள் ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். நகக்கண் அளவு இரும்புத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

எந்த ஆயில் என்பதை மேனுவல் சொல்வதுபடியே வாங்குங்கள். ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் கேட்கும் பழைய கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு ஆகாது, எண் பெரியதாக இருந்தாலும். ஆக்சிலின் மேல் ஒரு சிறு காற்றுத் துவாரமும் குழாயும் இருக்கும். அது சேற்றால் அடைத்துவிட்டால், ஓடி ஓடிச் சூடான காற்று வெளியேற வழியின்றி ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு கசியும். சீலை மாற்றுவதற்கு முன் அந்தத் துவாரத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

கூலன்ட்டை எஞ்சின் முழுதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலப்பது பொதுவான அளவு. எஞ்சின் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் கூலன்ட் உள்ளே கலக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஓட்டாதீர்கள். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துப்போவது இயல்பு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா, செயின் உள்ளதா என்று இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். பெல்ட் என்றால், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லாத பட்சத்தில் மாற்றிவிடுங்கள். கிலோமீட்டர் குறைவு என்பது காரணம் ஆகாது, ரப்பருக்கு வயதும் உண்டு. பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்த நொடியில் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சினே போகும். பெல்ட்டோடு அதன் டென்ஷனரையும், பெல்ட் சுழற்றும் வாட்டர் பம்பாக இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரித்துப்போடும் வேலை பெரிதாக உள்ள இடத்தில் பாகத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள். கிளட்ச் வேலைக்கும் இதே கணக்குதான்.

6. பிரேக்

ஒரு பக்கத்தை முழுவதுமாக முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். டிரம்முக்குள் ஸ்பிரிங், கம்பி, நெம்பு என்று ஏகப்பட்டது இருக்கும். பிரிக்காத பக்கம்தான் உங்களுக்கு மாதிரி. பிரிப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்து அட்ஜஸ்டர்களைக் கலந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் ஒன்றின் மரை வலப்பக்கம், மற்றதன் மரை இடப்பக்கம். மாற்றிப் போட்டால், ஓட ஓட ஷூவை நெருக்குவதற்குப் பதில் விலக்கிக்கொண்டே போகும்.

டிரம் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து எடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் சொட்டினால் சிலிண்டரை மாற்றுங்கள். நனைந்த ஷூவையும் தூக்கிப் போடுங்கள், கழுவிக் காயவைத்து மாட்டுவது வேண்டாம். பேட், ஷூ இரண்டையும் எப்போதும் ஒரே ஆக்சிலின் இரு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிரேக் ஃபுளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. நீண்ட இறக்கத்தில் சுமையோடு இறங்கும்போது பெடல் பஞ்சுபோல் இறங்கிப்போவதற்கு இது ஒரு காரணம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். சிலிக்கோனால் ஆன டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்காதீர்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், உரித்துவிடும்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, சக்கரத்தருகில் இருக்கும் நிப்பிள்தான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஓப்பன் ஸ்பேனரை விட்டு ரிங் ஸ்பேனரால் மட்டும் திறக்கப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு வெகு தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது பொது வழக்கம். மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதன்படி. தொட்டியில் ஃபுளூயிட் வற்றிவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பிக்கப்புக்கே உரிய ஒன்று: பின் ஆக்சிலிலிருந்து சேஸிக்கு ஒரு கம்பி போய், அங்கே ஒரு வால்வில் முடியும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், வண்டி காலியாக இருந்தால் குறைப்பதும் அதன் வேலை. எல்லா மாடலிலும் இது இருக்காது. உங்கள் வண்டியில் இருந்து, கூடுதல் பட்டை போட்டுப் பின்பக்கத்தை உயர்த்தியிருந்தால், சுமை இருக்கும்போதும் வண்டி காலி என்றே அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். அதைத் திரும்ப அளந்து அமைக்க வேண்டும். துருப்பிடித்து இறுகிய வால்வுகளும் நிறைய உண்டு.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைக் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பேட் மாற்றிய பின் முதல் மிதி தரை வரை போகும். அதைச் சாலையில் கண்டுபிடிக்கக் கூடாது.

7. ஸ்டியரிங், சக்கரம், அடிப்பாகம்

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பால் ஜாயின்ட் அல்லது பேரிங்; இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் வருவது பெரும்பாலும் டை ராடு. ஆட்டும்போது இன்னொருவர் அடியில் டார்ச் அடித்து எது நகர்கிறது என்று பார்த்தால் குழப்பமே இருக்காது. கியர் போடும்போது அடியில் 'டக்' என்று அடித்தால் கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட்டைச் சந்தேகியுங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள எல்லா இடத்துக்கும், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை புதியதை ஏற்றுங்கள். ஸ்பிரிங் பட்டையைப் பிரித்தால் யூ-போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். அவை இழுபட்டு நீண்டிருக்கும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதிக் குறி இருக்கும். 3514 என்றால் 2014-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டை இன்னும் தேயவில்லை என்பதற்காகப் பத்து வயதைத் தாண்டிய டயரில் சுமை ஏற்றாதீர்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். பிக்கப்பில் அது பெரும்பாலும் பின்பக்கம் அடியில் ஒரு கம்பிக் கயிற்றில் தொங்கும். பல ஆண்டு யாரும் இறக்காமல் விட்ட வண்டியில் அந்தக் கயிறு நார் நாராகப் பிரிந்து, உருளை துருவால் இறுகி, டயரைச் சுற்றிச் சேறு கல்லாகியிருக்கும். பஞ்சரான இடத்தில் இருட்டில் படுத்துக்கொண்டு அதைச் சுற்றினால் இறங்காது. சில வண்டிகளில் ஓடும்போதே அறுந்து விழுந்தும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை இறக்கி, கயிற்றுக்கு எண்ணெய் விட்டு, காற்றும் பார்த்து ஏற்றிவிடுங்கள்.

8. கரன்ட்

பாட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பாட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இந்த இரண்டு அளவையும் பார்க்காமல் புதுப் பாட்டரி வாங்க வேண்டாம்.

பழைய பிக்கப்பின் மின்கோளாறில் பாதிக்கு மேல் எர்த் கோளாறு என்பது என் கணிப்பு. கேபின், சேஸி, லோடு பாடி மூன்றும் ரப்பர் புஷ் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதால், ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் வயர் வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் பல்பை மாற்றாதீர்கள். பின்விளக்கின் எர்த் போல்ட்டைத் தேடுங்கள். கழற்றினால் வளையத்தில் பச்சைப் பொடி பூத்திருக்கும். இரும்பு பளிச்சென்று தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். அந்த ஒரு வேலையில் நான்கு விளக்கு சரியாகும்.

இரவெல்லாம் நிறுத்தினால் பாட்டரி இறங்குகிறதா? நெகட்டிவ் கேபிளுக்கு இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். எல்லாம் அணைந்து சிறிது நேரம் கழித்து 0.05 ஆம்பியருக்கு மேல் ஓடினால், ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்து எதில் இறங்குகிறது என்று பிடித்துவிடலாம். மீட்டர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது.

9. எஞ்சின் விளக்கு எரிந்தால்

அமெரிக்கச் சந்தைக்கான 1996 முதலான மாடல்களில் எஞ்சின் கணினி பதிந்த கோளாறு எண்ணைப் படிக்க உதவும் ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். சிறிய ரீடர் ஒன்று போதும். ஆனால் வரும் எண், எந்தப் பாகத்தை வாங்குவது என்று சொல்வதில்லை. பி0171 வந்தால் எரிபொருளை விடக் காற்று அதிகம் என்று கணினி கண்டிருக்கிறது, அவ்வளவுதான். வெடித்த ரப்பர் குழாய், அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார், பலமிழந்த பெட்ரோல் பம்ப் எதுவும் காரணமாக இருக்கலாம். இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது வீண்செலவு. எண்ணைக் குறித்துக்கொண்டு மேனுவலில் அதற்குரிய சோதனை வரிசையைப் பின்பற்றுங்கள்.

டீசல் என்றால் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடியுங்கள். காமன் ரெயில் எஞ்சினில் உயர் அழுத்தக் குழாயை ஓடும்போது தளர்த்தவோ, கசிவைக் கையால் தடவித் தேடவோ கூடாது. அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டால், வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

10. வராத போல்ட்டோடு சண்டை போடும் முறை

நேரக் கணக்கு தப்புவதெல்லாம் இங்கேதான். முதல் நாள் மாலை கம்பி பிரஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள், காலையில் இன்னொரு முறை. கழற்றும் முன் ஒரு இழை முடுக்குங்கள், துருவின் பிடி விடும். பிறகு அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று திரும்ப உள்ளே, மறுபடி அரைச் சுற்று. ஒரே மூச்சில் இழுத்தால் உதிர்ந்த துரு மரைக்குள் சிக்கி, பாதியில் முறியும்.

தீ வைத்துச் சூடாக்குவது பலன் தரும். ஆனால் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ரப்பர் புஷ் பக்கத்தில் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் தீயோ வெல்டிங்கோ வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். கிளீனர் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது மரை துருவால் இறுகிவிடாமல் தடுக்கும் பசையை (ஆன்டி-சீஸ்) தடவலாம். அது வழுக்கலைக் கூட்டும் என்பதால் மேனுவலில் உள்ள உலர்ந்த மரைக்கான முடுக்கு அளவை அப்படியே வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். சக்கர நட்டுகளில் மேனுவல் சொன்னாலொழியத் தடவாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை டார்க் ரென்சால் மறுபடி பாருங்கள்.

11. நேரமும் பணமும் ஒதுக்குவது

மேனுவல் ஒரு மணி நேரம் என்று சொல்லும் வேலைக்கு, முதல் தடவை செய்பவர் மூன்று மணி நேரம் வையுங்கள். துருப்பிடித்த வண்டி என்றால் ஒரு நாள். உதிரிபாகக் கடை திறந்திருக்கும் நாளில், காலையில் தொடங்குங்கள். மறுநாள் அந்த வண்டி உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்க வேண்டும். பாகம் கைக்கு வந்து, பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே பிரித்துப் போடுங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரிப்பது எனக்குச் சரிப்பட்டது: ஒன்று பிரேக், டயர், ஸ்டியரிங்கிற்கு, ஒன்று ஆயில், பெல்ட், ஹோஸுக்கு, மூன்றாவது பங்கைத் தொடாமல் வைத்திருங்கள். பிரிக்கும்போது உடையும் பாகங்களுக்கு அது போகும். பிரேக், பால் ஜாயின்ட், பேரிங் ஆகியவற்றில் வண்டி நிறுவனமோ அதற்குப் பாகம் செய்து தரும் நிறுவனமோ போட்டதையே வாங்குங்கள். கதவு, கண்ணாடி, விளக்குக் கூடு, இருக்கை போன்றவை பழைய வண்டி உடைக்கும் இடத்தில் கிடைத்தால் போதும்.

12. ஒர்க்‌ஷாப்புக்கு விடவேண்டியவை

முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றுவது, ஏர்பேக், ஏசி வாயு, சேஸி வெல்டிங், டிஃபரன்ஷியல் பல் அமைப்பு, டீசல் பம்பு. இவற்றுக்கு ஆளிடம் போங்கள். ஸ்டியரிங் பாகம் எதை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். வேலையை ஒப்படைக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்து, கழற்றிய பாகத்தைத் திரும்பத் தரச் சொல்லி, ரசீதில் பாகத்தின் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

13. கழிவை என்ன செய்வது

வடித்த ஆயிலை ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடி வையுங்கள். கூலன்ட்டையோ பிரேக் ஃபுளூயிட்டையோ அதில் கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். எத்திலீன் கிளைக்கால் உள்ள கூலன்ட்டை நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். ஆகவே வடித்த தட்டைத் திறந்தபடி விட்டு உள்ளே போகாதீர்கள், தரையில் சிந்தியதை மரத்தூள் போட்டு உறிஞ்சி அள்ளிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழைய ஃபில்டரை ஓரிரவு கவிழ்த்து வைத்து வடியவிட்டு, ஆயிலோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.